பெயர் தேடும் முகங்கள்

ஓர் ஊரின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று வினவினால், கல்வெட்டில், செப்பேட்டில், அரசு ஆவணங்களில், அறிஞர்தம் நூல்களில் என்று நாம் விடை கூறுவோம். அவ்விடை பிழையன்று. ஆயினும் அவற்றுள் எதிலும் இடம்பெறாதவர்களே எந்த ஊரிலும் பெரும்பான்மையோர். கடைத்தெருவில் துணி அளந்து கொடுத்தவரையும், முடிதிருத்தகத்தில் கத்தரி பிடித்தவரையும், வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் காத்தவரையும் எந்தக் கல்வெட்டும் பேசுவதில்லை. அத்தகையோரின் வரலாறு சிற்சில ஊர்களில் தகரப் பெட்டிகளுக்குள் அடுக்கப்பட்ட நெகட்டிவ்களாக உறங்கிக் கிடக்கிறது. அவ்வாறு உறங்கி விழித்த ஒரு பெருந்தொகுதியைப் பற்றியும், அதனை அறிந்த நாள்முதல் என்னுள் எழுந்த எண்ணங்களைப் பற்றியும் இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கும் நெகட்டிவ்களுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் வியக்கக்கூடும். என் தந்தையார் கடைத்தெரு ஸ்டுடியோ ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருட்டறைப் பணி செய்தவர். சிவப்பு விளக்கின் மங்கலான ஒளியில், தட்டில் மிதக்கும் வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல மெல்லத் தோன்றுவதைச் சிறுவனாகிய நான் அவர் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஹைப்போவின் மணம் அவர் சட்டையை விட்டு நீங்கியதே இல்லை. பிறர் முகங்களைத் துலக்குவதிலேயே கழிந்தது அவர் வாழ்நாள். ஆதலால், அமெரிக்க நாட்டின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரின் நெகட்டிவ்கள் ஏறத்தாழ 80,000 பாதுகாக்கப்பட்டுள்ளன என்று வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர் கூறியபோது, அச்செய்தியை என்னால் எளிதில் கடந்து போக இயலவில்லை. அவற்றுள் 50,000-க்கும் மேற்பட்டவை கணினியில் காணும் வகையில் படியெடுக்கப்பட்டிருந்தன. பல இரவுகள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புகைப்படக்காரரின் பெயர் சார்லஸ் ஹாரிஸ். ஊரார் அவரை ‘டீனி’ ஹாரிஸ் என்றே அழைத்தனர். 1908-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க்கில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இளமையில் பேஸ்பால் ஆடியவர். புகைப்படக் கலையை எந்தப் பள்ளியிலும் பயிலாமல் தாமே கற்றுக்கொண்டார். ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்னும் கறுப்பினத்தாரின் வார இதழுக்கு 1930-களில் படம் எடுத்துக் கொடுக்கத் தொடங்கி, 1970-களின் நடுப்பகுதி வரை அவ்விதழோடு இணைந்திருந்தார். ஊதியம் போதாமையால் சென்டர் அவென்யூவில் சொந்தமாக ஒரு ஸ்டுடியோவும் நடத்தித் திருமணப் படங்களும் குடும்பப் படங்களும் எடுத்தார்.

கூரியர் சிறிய இதழன்று. ராபர்ட் வான் என்னும் வழக்கறிஞரின் ஆசிரியப் பொறுப்பில் வளர்ந்த அவ்விதழ், 1940-களில் 3,50,000 படிகளைத் தாண்டி விற்பனையாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, வெளிநாட்டில் பகைவரை வெல்வதோடு உள்நாட்டில் இனப் பாகுபாட்டையும் வெல்ல வேண்டும் என்னும் ‘இரட்டை வெற்றி’ இயக்கத்தை 1942-இல் தொடங்கி வைத்ததும் அதுவே. வெள்ளையர் நடத்திய நாளிதழ்கள் கறுப்பின மக்களைப் பெரும்பாலும் குற்றச் செய்திகளிலேயே காட்டிய காலம் அது. கூரியரோ அவர்களைக் கடை முதலாளிகளாக, ஆசிரியர்களாக, தாய்மார்களாக, விளையாட்டு வீரர்களாகக் காட்டியது. அப்பணியின் கண்ணாக விளங்கியவர் ஹாரிஸ்.

அவருக்கு ‘ஒன் ஷாட்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. மற்றப் புகைப்படக்காரர்கள் பலமுறை எடுத்துப் பார்க்கும் காட்சியை அவர் ஒரே முறையில் எடுத்து முடித்துவிடுவார் என்பதால், நகர மேயராக இருந்த டேவிட் லாரன்ஸ் சூட்டிய பெயர் அது. என் தந்தையாரின் பக்கத்தில் நின்றவனாதலால் அதன் பொருள் எனக்கு நன்கு விளங்குகிறது. அந்நாளில் ஒவ்வொரு பிளாஷ் பல்பும் ஒரு முறைதான் எரியும். அடுத்த படத்திற்கு அடுத்த பல்பு வேண்டும். நாலுக்கு ஐந்து அங்குலத் தாள் பிலிமும் விலை உயர்ந்தது. சிக்கனமே அவருக்குக் குறி தவறாத கண்ணைக் கொடுத்தது.

அவர் கேமராவின் முன் புகழ்பெற்றோர் பலர் நின்றனர். மார்ட்டின் லூதர் கிங் வந்தார். இசைமேதை டியூக் எலிங்டன் வந்தார். 1963-ஆம் ஆண்டு விடுதி ஒன்றில் ஓர் இளம் குத்துச்சண்டை வீரர் தம் அன்னையாரைக் குழந்தைபோல் இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அப்போது அவர் பெயர் காசியஸ் கிளே. மறு ஆண்டில் உலக வாகையராகி முகம்மது அலி என்று அறியப்பட்டவர் அவரே. அப்படத்தில் வீரம் இல்லை; தாயன்பு ஒன்றே இருக்கிறது.

ஆயினும் என்னைக் கட்டிப்போட்டவை புகழ்பெற்றோரின் படங்கள் அல்ல. மலைச்சரிவில் அமைந்த ‘ஹில் டிஸ்ட்ரிக்ட்’ என்னும் கறுப்பினக் குடியிருப்பின் கடைத்தெருப் படங்களே. மருந்துக்கடையின் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வெள்ளை அங்கியுடன் நிற்கும் மருந்தாளர், கல்லாப்பெட்டியில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்க்கும் உணவக உரிமையாளர், அழகு நிலையம் நடத்திய பெண்மணிகள், தம் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டுப் பெருமிதத்தோடு நிற்கும் டாக்சிக்காரர்கள் என்று அம்முகங்கள் விரிந்துகொண்டே போகின்றன. ஹாரிஸின் உடன்பிறந்தாரும் வைலி அவென்யூவில் முடிதிருத்தகம் வைத்திருந்தார். எண்சூதாட்டத்தில் பெரும்பொருள் ஈட்டியவரும் அவரே. வங்கிகள் கறுப்பினத்தாருக்குக் கடன் தர மறுத்த அக்காலத்தில், அவ்வழியில் வந்த பணமே பல கடைகளுக்கு முதலாயிற்று என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். வணிகரின் வரலாறு வெள்ளைத் துணியில் மட்டும் எழுதப்படுவதில்லை.

அக்கடைத்தெருவுக்கு நேர்ந்ததைச் சொன்னால்தான் அந்நெகட்டிவ்களின் மதிப்பு விளங்கும். நகரைப் புதுப்பிக்கும் திட்டத்தின்கீழ் 1956-ஆம் ஆண்டு ஹில்லின் கீழ்ப்பகுதியை இடிக்கத் தொடங்கினர். ஏறத்தாழ 8,000 பேர் வீடிழந்தனர். 400-க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் அற்றுப்போயின. அவ்விடத்தில் 1961-இல் பெரியதோர் உள்ளரங்கு எழுந்தது. திட்டத்தை முன்னின்று நடத்தியவர், ஹாரிஸுக்குப் பட்டப்பெயர் சூட்டிய அதே மேயர் லாரன்ஸ். அங்கே பழுதடைந்த வீடுகள் இருந்தன என்பது உண்மை. அப்பகுதித் தலைவர்கள் சிலரும் நல்ல வீடுகள் கிடைக்கும் என நம்பித் தொடக்கத்தில் திட்டத்தை வரவேற்றனர் என்பதும் உண்மை. ஆனால் வீடு செப்பனிடப்படுவது வேறு. வாழ்ந்த தெருவே துடைத்தெறியப்படுவது வேறு. இடிபாடு மேலும் பரவிவிடாதவாறு, 1960-களில் அம்மக்கள் தெரு முனையில் அறிவிப்புப் பலகை வைத்துத் தடுத்து நின்றனர். தெருவை விழுங்கிய அவ்வரங்கமும் நிலைக்கவில்லை. 2012-க்குள் அதுவும் இடிக்கப்பட்டது. கடைகள் இல்லை, கடைகளை அழித்துக் கட்டியதும் இல்லை. எஞ்சியிருப்பவை ஹாரிஸின் நெகட்டிவ்களே. அது சீர்கெட்ட பகுதி என்று கோப்பில் எழுதியவர்களுக்கு, அங்கே பொருள் விற்றவரும் வாங்கியவரும் தலைநிமிர்ந்து நின்ற காட்சி ஒன்றே போதிய மறுமொழி.

அந்நெகட்டிவ்களும் எளிதில் பிழைத்தவை அல்ல. முதுமையில் ஹாரிஸ் அவற்றை ஒப்பந்தத்தின்பேரில் ஒருவரிடம் ஒப்படைத்தார். உரிய பணம் வந்து சேரவில்லை எனக் கூறி 1998-இல் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டிலேயே காலமானார். குடும்பத்தினர் வழக்கைத் தொடர்ந்து நடத்தி நெகட்டிவ்களை மீட்டனர். 2001-ஆம் ஆண்டு கார்னகி கலை அருங்காட்சியகம் அவற்றை விலைக்கு வாங்கியது.

வாங்கிய பின்னரே பெருஞ்சிக்கல் தெரிந்தது. நெகட்டிவ்களில் மிகச் சிலவற்றுக்கே பெயரும் தேதியும் இருந்தன. இவர் யார், எந்தக் கடை, எந்த ஆண்டு என்று தெரியாத முகங்கள் பல்லாயிரம். அருங்காட்சியகத்தார் படங்களைப் பொதுமக்கள் முன் வைத்தனர். ஹில்லின் முதியோரை அழைத்து அமர்த்தி, அவர்கள் சொல்லச் சொல்லப் பதிவு செய்தனர். காரின் எண் பலகையும், சுவரில் ஒட்டிய விளம்பரமும், கூரியரின் பழைய இதழ்களும் ஆண்டைக் காட்டிக்கொடுத்தன. ஆனால் ‘இவர் என் அத்தை, இது அவர் நடத்திய கடை’ என்று சொல்ல ஒரு மனிதரால் மட்டுமே முடிந்தது. சிறுவயதில் ஹாரிஸின் கேமரா முன் நின்ற பெண்மணி ஒருவரே பின்னாளில் அத்தொகுதியின் காப்பாளர்களுள் ஒருவராகப் பணியாற்றினார் என்பது நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தி.

இங்கே என் ஊருக்கு வருகிறேன். என் தந்தையார் பணிபுரிந்த ஸ்டுடியோ மூடப்பட்டபோது, அங்கிருந்த நெகட்டிவ்கள் வெள்ளி எடுப்போரிடம் எடைக்குப் போடப்பட்டன. பிலிமில் படம் பதிவது வெள்ளி உப்பினால்தான்; ஆகவே முகங்களுக்கு இல்லாத விலை அவற்றின் வெள்ளிக்கு இருந்தது. தந்தையார் முன்னரே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த இரண்டு தகரப் பெட்டிகள் மட்டும் தப்பின. “பேரும் தேதியும் எழுதாம நெகட்டிவ உள்ள வைக்காதே தம்பி” என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். கவர் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எழுதியே வைத்திருந்தார். ஆனால் அக்கவர்களைச் செல் அரித்துவிட்டது. பிலிமைத் தொடாத பூச்சி, பெயர்களைத் தின்றுவிட்டது. மிஞ்சியவை எங்கள் கடைத்தெரு வணிகர்களின் பெயரில்லா முகங்கள்.

பிட்ஸ்பர்க் மக்கள் செய்ததையே நாங்களும் செய்தோம். மாணவர்கள் நால்வர் அவற்றைக் கணினியில் படியெடுத்தனர். கடைத்தெரு மூத்தோர் சிலரை ஒரு மாலைப் பொழுதில் அழைத்துத் தேநீர் கொடுத்து, படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினோம். ஒருவர், பின்னால் தொங்கிய தராசைக் கொண்டே கடையை அடையாளம் சொன்னார். எண்பதைக் கடந்த மற்றொருவர் ஒரு படத்தின் முன் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “இது எங்கத்தா தம்பி. அவுக போட்டோ வீட்டுல ஒண்ணுகூட இல்ல” என்றார். அவர் ஆறு வயதில் தந்தையை இழந்தவராம். அப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொடுத்தோம். அன்று மாலை மட்டும் பதினொரு முகங்களுக்குப் பெயர் கிடைத்தது. அடுத்த கூட்டத்திற்குள் அம்மூத்தோருள் இருவர் மறைந்துவிட்டனர். அவர்கள் அறிந்திருந்த பெயர்கள் எத்தனையோ, அவையும் அவர்களோடு சென்றன.

நெகட்டிவ் தானும் நிலையானதன்று. மிகப் பழைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். பின்னர் வந்த அசிட்டேட் பிலிம் நாளடைவில் காடி நாற்றம் வீசிச் சுருங்கிச் சிதையும். குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வைத்தால் அதன் ஆயுளை நீட்டலாம். அதற்குப் பொருள் வேண்டும், நிறுவனம் வேண்டும். ஆனால் ஒரு முகத்திற்குப் பெயர் சேர்ப்பதற்குப் பெரும்பொருள் எதுவும் வேண்டுவதில்லை. ஒரு நாற்காலியும், ஒரு குறிப்பேடும், பொறுமையாகக் கேட்கும் இரு செவிகளும் போதும். படத்தைக் காப்பது வேதியியலின் பணி. பெயரைக் காப்பது மொழியின் பணி. அதனாலேயே இதனைத் தமிழ்த்துறையின் பணியாகவும் கருதுகிறேன். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையர் பிறந்த மொழியில், முகங்களுக்குப் பெயர் தேட ஒருவரும் இல்லை என்ற நிலை வரலாமா?

அன்பார்ந்த மாணவர்களே! உங்கள் ஊரில் மூடப்படும் நிலையில் ஒரு ஸ்டுடியோ இருக்கலாம். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். அதனைத் திறந்து பாருங்கள். பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் காட்டிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதித் தேதியிடுங்கள். கவர் அரிக்கப்படலாம் என்பதால் தனிக் குறிப்பேட்டிலும் படியெடுத்து வையுங்கள். சமுதாயப் பெரியோர்களே! உங்கள் கடைகளின் பழைய படங்களும் கணக்கேடுகளும் பழங்குப்பை அல்ல. அவற்றைக் கல்லூரியிடம் ஒரு நாள் காட்டுங்கள். அவற்றில் நிற்பவர் யார் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். எங்கள் பெட்டியில் இன்னும் 200-க்கும் மேற்பட்ட முகங்கள் பெயருக்குக் காத்திருக்கின்றன. அவற்றை அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.