நாமதானய்யா கேட்டோம்

கரிசல்காட்டில் சபை ஊழியம் செய்கிறவனுக்கு ஐப்பசி பிறந்துவிட்டால் முதல் விண்ணப்பம் மழைதான். நாகலாபுரத்தைச் சுற்றிலும் மானாவாரி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய் எல்லாமே வானத்தை நம்பி விதைத்தவை. 2023-லும் முழங்காலிட்டுக் கேட்டோம். டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது. தூத்துக்குடி மாவட்டமே மிதந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. கரிசல்மண் குடித்த தண்ணீரை லேசில் விடாது. வறட்சியில் பயிரைக் காப்பாற்றுகிற அந்தக் குணமே அன்று வேரை அழுக வைத்தது.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம்கூட இல்லை. சபையில் மூத்தவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அழுகிய உளுந்துச் செடி ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, “நாமதானய்யா கேட்டோம்?” என்றார்.

நான் உடனே ரோமர் 8:28-க்குப் போய்விட்டேன். எல்லாம் நன்மைக்கென்று முடியும் அந்த வசனம் எனக்கு நாக்கு நுனியில் இருக்கும். அவர், “சரிங்கய்யா” என்றார். வந்தவனை வழியனுப்பி வைக்கிற ‘சரி’ அது. வீட்டுக்குத் திரும்பும்வரை அந்தச் சொல் என்னைக் குடைந்துகொண்டே வந்தது.

யோபின் நண்பர்களைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை நல்ல மனிதர்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டுப்போனார்கள். கடைசியில் கர்த்தருடைய கோபம் முறையிட்ட யோபின்மேல் வரவில்லை, விளக்கம் சொன்னவர்கள்மேல்தான் வந்தது. அந்தத் திண்ணையில் நான் யாருடைய இடத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பது அன்று ராத்திரி புரிந்தது.

அந்த ரோமர் வசனத்தை எழுதிய பவுல் பொய் சொல்லவில்லை. சவுக்கடியும் சிறையும் கப்பற்சேதமும் பட்டவர் அவர். தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுக்கும்படி மூன்றுதரம் வேண்டியும் அது எடுபடவில்லை. அவர் சொன்னால் அது சாட்சி. முதுகில் தழும்பில்லாத நான் அடுத்தவர் காயத்தின்மேல் எடுத்து வைத்தால் அதே வசனம் கல்லாகக் கனக்கிறது. துன்பத்துக்கு அர்த்தம் உண்டென்று நான் முழுமனதோடு விசுவாசிக்கிறேன். உயிர்த்தெழுந்த பிறகும் இயேசுவின் கைகளில் ஆணித் தழும்புகள் இருந்தன, தோமாவுக்கு அவற்றைத்தான் காட்டினார். ஆனால் பட்டவர் தாமாகச் சொல்லும் நாள்வரை அந்த அர்த்தத்தை நான் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது.

அதனால் இப்போது போகிற விதம் மாறியிருக்கிறது. போனதும் வேதத்தைத் திறப்பதில்லை. கொடுக்கிற கடுங்காப்பியைக் குடிக்கிறேன். எத்தனை குறுக்கம் நிலத்தில் போட்டீர்கள், விதைக்கு என்ன ஆச்சு, நகை எதுவும் அடகில் இருக்கிறதா என்று கேட்கிறேன். கஷ்டத்துக்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கைக் கேட்காமல் செய்யும் ஜெபம் யாருக்கோ செய்யும் ஜெபமாகிவிடும். பிறகு, தேவைப்பட்டால், 88-ஆம் சங்கீதத்தை வாசிக்கிறேன். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது திரும்பாது, இருளிலேயே முடியும். அதையும் வேதத்தில் வைத்துக் காத்த முன்னோர்கள் பெரியவர்கள். துட்டி வீட்டில் ஒப்பாரி எடுக்கிற பெண்களை, “விசுவாசிகள் இப்படி அழலாமா?” என்று அடக்குவதை நானும் செய்திருக்கிறேன். இனிச் செய்யமாட்டேன். சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு கண்ணீர் விட்டார்.

வசனத்துக்கு முன் கூட இருப்பது இங்கே புதிதல்ல. இந்தத் திருநெல்வேலிச் சீமையில் தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-ஐ ஒட்டி, ஆயிரக்கணக்கானோர் திருச்சபையைத் தேடி வந்தார்கள். கஞ்சிக்காக வந்தார்கள் என்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். பசித்தவனுக்குக் கஞ்சியோடு யாராவது வந்தால் அதுவே அவனுக்குப் போதுமான பிரசங்கம் என்பேன் நான்.

2024 ஐப்பசி. ஆராதனையில் மழைக்காக ஜெபிக்க யாராவது வரலாம் என்றேன். அந்தப் பெரியவர் எழுந்து வந்தார். கண்ணை மூடி நின்றார். வெகுநேரம் வாய் திறக்கவில்லை. பாட்டுக்கு எண் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டேன். சபையும் அசையாமல் நின்றது.

அப்புறம் கேட்டார். மழைதான் கேட்டார்.