கல்வெட்டும் சில பைட்டுகளும்

பதிவு போட்டு மூணு மாசம் ஆச்சு. தீசிஸ், குளிர், சோம்பேறித்தனம், இந்த வரிசையில் காரணம் வச்சுக்கோங்க. இது கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம். அந்தப் பக்கம் போகாதவங்களும் கடைசிவரை வரலாம், பாதிக்கு மேல வேற கதை.

நான் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் குடியிருக்கேன்னு முன்னமே எழுதியிருக்கேன். மேல வீட்டு அன்ரி வேலணைக்காரர். நான் திருநெல்வேலி. ரெண்டு பேரும் பேசுறது தமிழ்தான், ஆனா வந்த புதுசில் படாத பாடு. ஒருநாள் "உங்க அண்ணன் போன்ல என்கிட்ட ரொம்ப நேரம் பேசினார்"னு சந்தோஷமா சொன்னேன். அன்ரி முகம் மாறிடுச்சு. "பேசினவரோ? ஏன், நீர் என்ன பிழை விட்டனீர்?" அவங்க ஊரில் பேசுறதுன்னா திட்டுறது. நாம பேசுறது அங்க கதைக்கிறது. சொல் சரியாத்தான் போய்ச் சேர்ந்தது, எடுத்துக்கிட்ட விதம்தான் வேற.

அந்த அண்ணர் 2024 டிசம்பரில் தவறிட்டார். செத்த வீடு முடிஞ்ச மூணாம் நாள் அன்ரி கீழ இறங்கி வந்து, "தம்பி, அண்ணாவின்ரை கல்வெட்டுக்கு ஒரு உதவி செய்வீரோ?"ன்னு கேட்டாங்க. நான் நிஜமாவே கல்லுன்னு நினைச்சு, சிற்பி யாரையும் தெரியாதேன்னு முழிச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது. 31ஆம் நாள் வந்தவங்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்குப் பேர் கல்வெட்டு. தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிரிவுத்துயர்ப் பாட்டு எல்லாம் இருக்கும். நடுப்பக்கத்தில் வம்சாவளி வேணும், 140 பேருக்குக் கிட்ட.

கையால் வரைஞ்சிருந்தா ரெண்டு நாள் வேலை. ஆனா பட்டியல் தினமும் மாறிச்சு. பாரிஸிலிருந்து ஒருத்தர் கூப்பிட்டு ஒரு பேத்தியைச் சேர்ப்பார், லண்டனிலிருந்து ஒருத்தர் பிறந்த வருஷத்தைத் திருத்துவார். சரி, எக்செல்லைக் கொடுத்தா படம் வரைஞ்சு தர்ற மாதிரி பைத்தானில் ஒரு நிரல் எழுதிடலாம்னு இறங்கினேன். விதி.

முதல் தலைவலி, கொக்குவில். என்கிட்ட இருந்த படம் வரையற லைப்ரரிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியலை. 'கொ'வில் க-வுக்கு முன்னால நிக்க வேண்டிய கொம்பு பின்னால போய் நின்னுச்சு. இதைச் சரியா செய்ற லைப்ரரி ஹார்ஃப்பஸ். சி நிரல்கள் கூப்பிடுற மாதிரி அமைஞ்சது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாத்துலயும் நம்ம எழுத்தைக் கோத்துக் காட்டுறது அதுதான். அதை வளர்த்தெடுத்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் ஈரானிலிருந்து இதே டொராண்டோ பல்கலைக்குப் படிக்க வந்தவர். பேரே பாரசீகம்: ஹர்ஃப்னா எழுத்து, பாஸ்னா திறந்த. (இதைப் பைத்தானில் கூப்பிட யுஹார்ஃப்பஸ்னு தயாரா ஒண்ணு இருக்கேன்னு பின்னூட்டத்தில் அடிக்க வராதீங்க. எனக்கு எல்லாம் முடிஞ்ச பிறகுதான் தெரியும். ஹி ஹி.)

நான் போன வழி சிடைப்ஸ். 2006இல் பைத்தான் 2.5இலிருந்து கூடவே வர்ற சாமான். எந்த சி லைப்ரரியையும் திறந்து, பேரைச் சொல்லி நேரா கூப்பிடலாம். இதில் ஒரு விஷயத்தை நான் யோசிச்சதே இல்லை. கம்பைல் ஆன சி லைப்ரரியில் ஃபங்ஷனோட பேர் இருக்கும், முகவரி இருக்கும். அது என்ன வகையில் கேக்கும், என்ன வகையில் திருப்பித் தரும்ங்கிறது அதுக்குள்ள இருக்காது. அது ஹெடர் கோப்பில் இருக்கு, அந்தக் கோப்பைப் பைத்தான் பார்க்கிறதே இல்லை. படிச்சுச் சொல்ல வேண்டியவன் நான். நான் தப்பா சொன்னா "அப்படியா"ன்னு கேட்டுக்கும். ஒண்ணுமே சொல்லாட்டி, திரும்பி வர்றது முழு எண்ணுன்னு தானா எடுத்துக்கும்.

இதுதான் முதல் அடி. ஹார்ஃப்பஸ்ஸில் முதல் வேலை ஒரு பஃபர் உருவாக்குறது. அது தர்றது பாயின்டர், 64 பிட் முகவரி. சிடைப்ஸ் அதை 32 பிட் முழு எண்ணா வெட்டித் தந்தது. வீட்டு எண் 4217ஐ வெறும் 17னு எழுதிக்கிட்டு அந்தக் கதவைத் தட்டின கதை. என் லேப்டாப்பில் உடனே செக்மென்டேஷன் ஃபால்ட். இதில் கொடுமை என்னன்னா, லேபில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் நல்லா ஓடுச்சு! அங்க முகவரி தற்செயலா 32 பிட்டுக்குள்ள அடங்குற இடத்தில் விழுந்திருக்கு. ஒரு முழு சாயங்காலம் லேப்டாப்பைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

இந்த "சொல்லாட்டி முழு எண்" பழக்கம் பழைய சி மொழியிலேயே இருந்ததுதான். 1999 தரத்தில்தான் அதை எடுத்தாங்க. சி-க்கு 1978இல் முதல் புத்தகம் எழுதின ரெண்டு பேரில் பிரையன் கெர்னிஹான் இதே டொராண்டோவில் பிறந்து, இதே பல்கலையில் படிச்சவர். இங்கேயே விலங்கியல் துறையில் சிஸ்டம்ஸ் வேலை பார்த்த ஹென்றி ஸ்பென்சர், சி எழுதுறவங்களுக்குப் பைபிள் பாணியில் பத்துக் கட்டளை எழுதி வச்சார். மூணாவது, ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறதை அது எதிர்பார்க்கிற வகைக்கு மாத்திக் கொடுன்னு. நாலாவது, திரும்பி வர்றதோட வகையை ஹெடர் சொல்லாட்டி நீயே ஒழுங்கா சொல்லுன்னு. நகைச்சுவைன்னு நினைச்சு முதல் செமஸ்டரில் சிரிச்சுட்டுக் கடந்தவன் நான்.

ரெண்டாவது அடி இன்னும் அழகு. கோத்து முடிச்ச எழுத்துகளை ஹார்ஃப்பஸ் வரிசையாத் தரும். அதன் விளக்கத்தில் நாம தொடக்கூடியதா ரெண்டு உறுப்புதான் சொல்லியிருக்கு: எழுத்துரு எண், அப்புறம் அது மூல வரியில் எந்த இடத்திலிருந்து வந்ததுங்கிற கொத்து எண். நானும் ரெண்டைத்தான் எழுதினேன், 8 பைட். நிஜத்தில் உள்ள அஞ்சு உறுப்பு, 20 பைட். அதனால் கொம்பு மட்டும் ஒழுங்கா வந்து அடுத்து ஒரு கட்டம் நின்னுச்சு. ஏன் கட்டம்? முதல் எழுத்தின் கொத்து எண் 0. அதையே ரெண்டாம் எழுத்தின் எண்ணா படிச்சிருக்கேன். எழுத்துருவில் 0ன்னா வெறும் கட்டம். காரணம் புரிஞ்சப்போ எழுந்து நின்னு சிரிச்சேன், மணி ராத்திரி ஒண்ணு.

மூணாவதுதான் கதை. வரியின் நீளத்தையும் சொல்லணும். கொக்குவில், நம்ம கண்ணுக்கு 5 எழுத்து. பைத்தானுக்கு 10, கொம்பு புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. சி-க்குப் போற யூடிஎஃப்-8இல் 30 பைட். நான் 10னு சொன்னேன், 'கொக'ன்னு வந்து ஒரு கட்டத்தோடு நின்னுடுச்சு. ஓகோ, ஒரு குறிக்கு 3 பைட்டான்னு கேட்டுக்கிட்டு, மூணால் பெருக்கிட்டேன். பேர்களை மட்டும் போட்டுப் பார்த்தேன். அத்தனையும் முத்து முத்தா வந்துச்சு.

அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்குப் பேருக்குப் பக்கத்தில் ஊரும் வருஷமும் சேர்த்தேன். இடைவெளி, கமா, இலக்கம் எல்லாம் ஒரே ஒரு பைட்தான்னு தூக்கத்தில் தோணலை. நான் சொன்ன நீளம் உண்மையான வரியைத் தாண்டிப் போச்சு. சி அதைத் தட்டிக் கேக்காது, சொன்ன தூரம் வரைக்கும் படிக்கும். போதாக்குறைக்கு ஒவ்வொரு வரிக்கும் புது இடம் ஒதுக்காம, ஒரே பெட்டியில் பழசு மேல புதுசை எழுதிக்கிட்டிருந்தேன். காலையில் பார்க்காமலே அச்செடுத்து அன்ரி கையில் கொடுத்துட்டு லாரன்ஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டேன்.

சாயங்காலம் வந்தா, அன்ரி சமையலறை மேசையில் அந்தத் தாளை விரிச்சு வச்சு உக்காந்திருக்காங்க. பட்டியலில் முதல் வரி அண்ணர், வேலணை 1939 - 2024. அடுத்த வரி அன்ரி. ரெண்டு பேர் பேரும் எழுத்துக்கு எழுத்து ஒரே நீளம், ஊரும் ஒண்ணு. அன்ரி வரி 1946னு முடிஞ்ச இடத்தில் ஒரு பூஜ்ய பைட், அது அந்த எழுத்துருவில் வெற்றிடம். அதைத் தாண்டி அண்ணர் வரியின் மிச்சம் பெட்டியில் அப்படியே கிடந்திருக்கு.

1946 - 2024.

கீழ இன்னும் நாலஞ்சு வரியில் வால் ஒட்டி அசிங்கமா இருந்துச்சு, அதையெல்லாம் யார் பார்த்தாலும் பிழைன்னு தெரியும். இது ஒண்ணுதான் பிழை மாதிரியே இல்லை. எனக்குக் கை நடுங்கிடுச்சு. செத்த வீட்டுச் சாம்பிராணி வாசம் போகாத வீடு.

அன்ரி நிமிர்ந்து பார்த்தாங்க. "தம்பி, என்னையும் அனுப்பிப்போட்டீரோ?"

நான் பைட், பெட்டி, நீளம்னு என்னென்னவோ உளறினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாங்க. "அண்ணாவின்ரை வருசம் எனக்கு ஒட்டிப்போட்டுது எண்டுறீர். விடும். சின்னனிலை அவன்ரை சட்டையும் எனக்குத்தான் வாறது."

பேனாவை எடுத்து அந்த நாலு இலக்கத்தை அவங்களே வெட்டினாங்க. நான் கீழ போய், பெருக்கலை எடுத்துட்டு, பைட்டா மாத்தின பிறகு நீளத்தை எண்ணுற மாதிரி மாத்தினேன். எல்லா ஃபங்ஷனுக்கும் ஹெடரைப் பக்கத்தில் திறந்து வச்சு, வாங்குறதும் தர்றதும் என்ன வகைன்னு ஒவ்வொண்ணா எழுதினேன், 14 ஃபங்ஷன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போச்சு, ஞாயிறு கோயில் மண்டபத்தில் கொடுத்தாங்க.

வெட்டின தாள் இன்னும் மேல வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கு. விருந்தாளி யார் வந்தாலும் அன்ரி அதைக் காட்டி என்னைக் கூப்பிட்டுக் கதை சொல்லச் சொல்றாங்க.