ஒரு விதையில் இரண்டு கன்றுகள்

அப்பா நட்ட கமலா ஆரஞ்சு மரத்தைச் சென்ற ஆண்டு தை மாதத்தில் வெட்டினோம். வெட்டியவர்கள் அவருடைய பிள்ளைகளான நாங்கள் மூவர்தாம். கூலிக்கு ஆள் வைக்க மனம் வரவில்லை.

கீழ்ப்பழனி மலையில் காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே நின்ற மரம் அது. மலைக்காரர்களுக்கு ஆரஞ்சு என்றாலே கமலாதான். தோல் சுளையோடு ஒட்டாது. தொளதொளத்த சட்டை போலிருக்கும். விரல் நுழைத்தால் கழன்றுவிடும். உரிக்கையில் தோலின் நுண்பைகள் உடைந்து எண்ணெய் தெறிக்கும். அவ்வெண்ணெயின் பெரும்பகுதி லிமோனீன் என்னும் பொருள். எலுமிச்சைத் தோலிலும் அதுவே மிகுதி. கஞ்சாச் செடியின் சில வகைகள் எலுமிச்சை மணம் வீசுவதிலும் அதற்குப் பங்குண்டு. ஆயினும் கமலாவின் மணம் வேறு. லிமோனீனோடு சிற்றளவில் கலந்திருக்கும் பிற பொருள்களே அதற்குத் தனி முகம் தருகின்றன.

எங்களுள் ஒருவருக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பது தொழில். சொற்களின் பயணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த மரத்தைத்தான் வகுப்பறைக்குள் இழுத்து வருவார். நம் நாரத்தையோடு உறவுடைய வடமொழி நாரங்கம், பாரசீகத்தில் நாரங் ஆகி, அரபியில் நாரஞ்சு ஆகி, ஐரோப்பாவுக்குள் புகுந்து, வழியில் எங்கோ முதலெழுத்தைத் தொலைத்து ஆங்கிலத்தில் ஆரஞ்சு ஆனது. சொல் போகுமிடமெல்லாம் மாறியது. மரமோ மாறாமலிருக்கும் வித்தையை அறிந்தது.

கமலா விதை ஒன்றை ஊன்றினால் இரண்டு மூன்று முளைகள் கிளம்புவதுண்டு. அவற்றுள் ஒன்று மகரந்தம் சேர்ந்து உருவான கருவாக இருக்கலாம். ஏனையவை விதைக்குள்ளிருக்கும் தாயின் திசுவிலிருந்தே எழுந்தவை. தந்தை கலவாத, தாயின் மறுபடிகள். பெரும்பாலும் இவையே வலுத்து, கலப்பில் பிறந்ததை நெருக்கிவிடும். நாற்றங்காலில் அளவொத்த கன்றுகளை மட்டும் நிறுத்தி, மிகக் குட்டையானதையும் மிக நெட்டையானதையும் களைவது இதனால்தான். அப்பாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. "ஒரே மாதிரி இருக்கறத மட்டும் வைங்க" என்பார், அவ்வளவே.

புதுவகை காண முயல்வோர்க்கு இக்குணம் பெருந்தடை. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் எச்.பி. ஃப்ராஸ்ட் 1915இல் கிங், வில்லோலீஃப் என்னும் இரு வகைகளைக் கலந்து உருவாக்கிய கின்னோ, 1935இல்தான் வெளிவந்தது. அதுவே இன்று பஞ்சாபில் விளைந்து நம் பழக்கடைகளுக்கும் வந்து சேர்கிறது. சாறு மிகுதி, விதையும் மிகுதி. ஆனால் தோல் இறுக்கம். அதை உரிக்கும்போதெல்லாம் எங்கள் விரல்கள் ஏமாந்துபோகும்.

ஒட்டுக்கன்று விரைவில் காய்க்கும். விதைக்கன்று ஆறேழு ஆண்டுகள் காக்க வைக்கும். அப்பா காத்திருந்தார். முள்ளோடு நெடிதுயர்ந்த அம்மரம் அவர் காலம் முழுதும் காய்த்தது. அவர் மறைந்த பின்னரே இலைகளில் மஞ்சள் படர்ந்தது. சத்துக்குறை என்றால் நடுநரம்பின் இருபுறமும் ஒன்றுபோல் வெளிறும். இதுவோ ஒருபுறம் ஒருவிதமும் மறுபுறம் வேறுவிதமுமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. பழங்கள் கோணின, அடிப்பகுதி பச்சை மாறவில்லை, சுளை கசந்தது. கிரீனிங் நோய் என்றார்கள். மரத்தின் உணவு செல்லும் குழாய்களில் வாழும் பாக்டீரியா அதற்குக் காரணம். அதைப் பரப்பும் சைலிட் என்னும் சிறுபூச்சி, கறிவேப்பிலைத் தளிரிலும் இனம் பெருக்கும். நோயுற்ற மரத்தை மீட்கும் மருந்து இல்லை.

"வெட்டறதும் விடறதும் உங்க இஷ்டம் தம்பி. ஆனா பூச்சிக்கு வேலி தெரியாது" என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். தலையாட்டினோம். அப்பாவின் நினைவு என்று சொல்லிச்சொல்லி இரண்டு ஆண்டுகளைக் கடத்தினோம். அதற்குள் அவர் தோட்டத்தில் நான்கு மரங்கள் மஞ்சளித்தன. எங்கள் மரத்திலிருந்துதான் நோய் போயிற்று என்று எவராலும் நிறுவ இயலாது. இல்லை என்று சொல்ல எங்களுக்கும் நா எழவில்லை. அவரும் கேட்கவில்லை, அது இன்னும் கனத்தது.

வெட்டுவதற்கு முன், ஒரு கிளையில் நன்றாயிருந்த ஐந்து பழங்களைப் பறித்தோம். விதை வழியே இந்நோய் பரவுவதில்லை என்பதே ஆய்வாளர்கள் கண்டது. உலர்ந்தால் முளைப்புத்திறன் குன்றும் என்பதால் அன்று மாலையே ஊன்றினோம். இப்போது கன்றுகள் பூச்சி நுழையாத வலைக்குள் நிற்கின்றன. ஒரு விதையிலிருந்து இரண்டு. ஒன்று மற்றதைவிட ஒரு சாண் உயரம். அப்பாவின் கணக்குப்படி இரண்டில் ஒன்றைக் களைந்திருக்க வேண்டும். எது தாய், எது புதிது என்று காய்க்கும் வரை எங்களுக்குத் தெரியாது.

ஒன்றைப் பெரியவருக்குத் தருவதென்று முடிவு செய்திருக்கிறோம். எதை என்பதில்தான் மூவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.