காட்பாடியில் ஓடாத கார்

காட்பாடி ஸ்டேஷனைத் தெரியாதவர்கள் நம்மில் யார் இருக்கிறார்கள்? பெங்களூர் போனாலும் கோயமுத்தூர் போனாலும் வண்டி அங்கே நின்றுதான் போகும். ஆனால் நாம் பார்த்தது பிளாட்பாரத்தை மட்டுந்தான். இறங்குகிறவர்களாவது ஊரைப் பார்க்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போகிறவர்கள், திருப்பதிக்கும் திருவண்ணாமலைக்கும் வண்டி மாறுகிறவர்கள். காட்பாடிக்காகவே காட்பாடியில் இறங்குகிறவர்கள் அபூர்வம்.

நான் அந்த அபூர்வப் பிறவிகளில் ஒருத்தி. இறங்கியது ஒரு காரைப் பார்க்க!

சென்னை சென்ட்ரலிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். கையில் பத்திரிகையைப் பிரிப்பதற்கு முன்னால், வண்டி புறப்பட்ட சற்று நேரத்தில் வரும் பெரம்பூர் லோகோ வொர்க்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற காருக்கு ஒரு மூத்த அக்கா அங்கே வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். ‘ஃபேரி குவீன்’ என்று பெயர். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த நீராவி எஞ்சின். 1909-ல் வேலையிலிருந்து ஓய்வு. பிறகு வெகுகாலம் காட்சிப் பொருளாக நின்றது. 1997-ல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்து ஓட விட்டார்கள். 2011-ல் வந்தது சோதனை. யாரோ திருடர்கள் அதன் பாகங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்!

156 வயசுக் கிழவி. போதும் என்று மூலையில் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. பெரம்பூருக்குக் கொண்டுவந்து சீர் செய்து, 2012 டிசம்பரில் ஓட்டிப் பார்த்தார்கள். 2017-ல் மறுபடி பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

பெரம்பூரில் ஆள் பலம் உண்டு, யந்திர பலம் உண்டு. வீட்டுப் பின்கட்டில் ஒற்றை மனிதர் எடுத்த காரியம் நின்றுபோனால் என்ன ஆகும்? அதைத்தான் காட்பாடியில் பார்த்தேன்.

காந்தி நகரில் என் சித்தப்பாவின் வீடு. மாடியில் நின்றால் வெயிலில் காய்ந்த மொட்டைக் குன்றுகள் தெரியும். தெற்கே பாலாறு, பாலம், அக்கரையில் வேலூர். இந்தப் பக்கத்தில் ஒரு பழைய வசனம் உண்டு: “மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்.” வேலூர்க்காரர்களே தங்கள் ஊரைப் பற்றிச் சிரித்துக்கொண்டு சொல்வது. என் சித்தி இதில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தாள்: “ஓடாத கார்!”

கார் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1969-ம் வருஷத்து வண்டி. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியார் 1961 முதல் செய்து வந்தார்களே, அதே ஜாதி. மூக்குப் பக்கமாகக் கவிழ்ந்து திறக்கிற பெரிய போனெட்டும், 25 அடி இடத்தில் வட்டமடித்துத் திரும்புகிற சாமர்த்தியமும் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. சித்தப்பாவின் தகப்பனார் வாங்கியது. குடியாத்தத்திலிருந்து சித்தி மணப்பெண்ணாக வந்து இறங்கியதும் இதே காரில்தான். வண்டலூர் ஆலை 1980-களின் கடைசியில் நின்றுபோக, உதிரி பாகம் கிடைக்காமல் காரும் ஷெட்டில் ஒதுங்கிவிட்டது.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே சித்தப்பா அதைப் புதுப்பிக்கப் புறப்பட்டார். இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மற்றக் கார்களைப் போல் ஹெரால்டின் உடம்பு ஒரே கூடு அல்ல. கீழே தனிச் சட்டம். அதன்மேல் முன்பகுதி, பின்பகுதி, கூரை என்று துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியது. ஸ்பானர் தெரிந்தவர் சில நாளில் முழுக் காரையும் பிரித்துப் போட்டுவிடலாம். சித்தப்பா போட்டார். அடாடா, அந்த நாட்களில் அவருக்கு இருந்த உற்சாகம்! ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, சீட்டு ஒட்டி வைத்தார்.

பிரிப்பது வாரக் கணக்கு. சேர்ப்பது வருஷக் கணக்கு. தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையாக இருந்தது. டிங்கர் வேலைக்காரர் இன்று நாளை என்றார். இங்கிலாந்தில் இந்தக் காருக்கென்றே சங்கங்களும் உதிரி பாக வியாபாரிகளும் உண்டு. எழுதிக் கேட்டார், விலையும் சுங்கவரியும் மலைக்க வைத்தன. ஒரு மழைக் காலத்தில் பாட்டில்களில் ஒட்டிய சீட்டெல்லாம் கரையான் அரித்துவிட்டது.

அதோடு அவர் மனசு விட்டுப்போயிற்று. பின்கட்டுப் பக்கம் போவதை நிறுத்தினார். கிணற்றடிக்குப் போக வேண்டுமென்றாலும் ஷெட்டைப் பார்க்காமல் பக்கத்துச் சந்தால் சுற்றிக்கொண்டு போவார். சாப்பாட்டில் பேச்சு இல்லை. இப்படி ஆறு வருஷம். “கார் ஓடாதது எனக்கு ஒன்றுமில்லை அம்மா. மனுஷர் இப்படி நின்றுவிட்டாரே, அதைத்தான் பார்க்க முடியவில்லை” என்றாள் சித்தி என்னிடம்.

ஒரு நாள் காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு விலை பேசினார். சித்தப்பா தலையை ஆட்டிவிட்டார். காரைத் தினமும் கரித்துக் கொட்டிய சித்திதான் குறுக்கே வந்து நின்றாள்!

“ஏங்க, சாமி இல்லாத கோயில் என்று எத்தனை தலைமுறை சொன்னார்கள்? 1981-ல் சாமி வந்து உட்கார்ந்தாரா இல்லையா?”

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலைத்தான் சொன்னாள். கல்யாண மண்டபத்தில் கல்லா மெழுகா என்று வியக்க வைக்கும் யாளிகள், கர்ப்பக்கிருகமோ காலி. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச் மாதம் அதைக் கொண்டுவந்து கோட்டைக் கோயிலில் வைத்தார்கள். வசனத்தில் ஒரு வரி அன்றைக்கு அடிபட்டுப் போயிற்று.

“மற்றதெல்லாம் சரியாகட்டும், பிறகு சாமி வரட்டும் என்று காத்திருந்தார்களா? முதலில் சாமி வந்தார், விளக்கு எரிந்தது. எனக்கு முழுக் கார் வேண்டாம். நான் உட்கார்ந்து வந்தேனே, அந்த ஸீட்டை மட்டும் செய்து கொடுங்கள்” என்றாள்.

ஸீட் என்றால் இந்தச் சீமையில் பஞ்சமா? ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தோல் பதனிடும் ஊர்கள். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகும் தோல் வாசனை மூன்றையும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறது! ஆம்பூர் டானரியில் தோல் தரம் பிரித்து ஓய்வு பெற்ற பாய் ஒருவர் எதிர் வீட்டில் இருந்தார். சித்தி அவரைத்தான் பிடித்தாள்.

காரில் ஆதியில் இருந்தது ரெக்ஸின். “காட்பாடி வெயிலில் ரெக்ஸின் தோசைக்கல்” என்றார் பாய். அவர் சொன்ன விவரங்களை நீங்களும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பை வாங்கும்போது உதவும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டது பழைய முறை. தோல் பழுப்பாக, விறைப்பாக இருக்கும். குரோமியம் உப்பில் பதனிட்டால் துவளும். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். ஆனால் ஒரே தோலில் முதுகுப் பக்கம் உறுதி, வயிற்றுப் பக்கம் தொளதொளப்பு. உட்காருகிற இடத்துக்கு முதுகுத் தோல், ஓரத்துக்கு மற்றது. பழைய உறையின் தையலைப் பிரித்து, அதையே மாதிரியாக வைத்து வெட்ட வேண்டும்.

தோலின் முழு விலையையும் நாம் கடையில் கொடுத்துவிடுவதில்லை என்றும் பாய் சொன்னார். டானரிக் கழிவால் பாலாறும் கிணறுகளும் பட்ட பாடு கொஞ்சமல்ல. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுகட்ட வேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

இரண்டு வாரத்தில் ஸீட் தயாராயிற்று. கார்தான் இல்லையே, கூடத்தில் நாற்காலி போல் போட்டு வைத்தார்கள். வருகிறவர்களெல்லாம் உட்கார்ந்து பார்த்தார்கள். சித்தப்பாவும் உட்கார்ந்தார். மறுநாள் காலையில், “இது திருகாணியில் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்” என்று சொல்லிக்கொண்டு, சந்தைச் சுற்றாமல் நேரே ஷெட்டுக்குப் போனார்.

அன்று முதல் ஒரு விதி வைத்துக்கொண்டார். காரைப் பற்றி நினைப்பதில்லை. இந்த வாரத்துச் சாமானைப் பற்றி மட்டுமே நினைப்பது. ஒரு வாரம் ஒரு கதவு, ஒரு மாதம் தரைத் தகடு. முடிந்ததை வீட்டில் எல்லாரும் வந்து பார்த்தாக வேண்டும். அது சித்தியின் விதி.

இரண்டரை வருஷம் ஆயிற்று. 50 வருஷம் தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வண்டி என்று பதிவு செய்துகொள்ள 2021-ல் மத்திய அரசு விதி செய்ததே, அதற்கு மனுப் போட சித்தப்பா இப்போது காகிதம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பின் ஸீட் இன்னும் கிழிந்த ரெக்ஸின்தான். கூரைக்குப் பெயிண்ட் பாக்கி. ஆனால் எஞ்சின் பேசுகிறது. காம்பவுண்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். முன் ஸீட்டில் சித்தி. சித்தப்பாவின் பேச்சை நிறுத்த முடியவில்லை!

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று பாதியில் நிற்கும். பரண்மேல் தந்தி அறுந்த வீணையோ, பாதி பின்னிய ஸ்வெட்டரோ, உங்கள் வீட்டுக்காரர் பிரித்துப் போட்ட ரேடியோவோ. முழுவதையும் நினைத்து மலைக்காதீர்கள். யாராவது இன்றைக்கே உட்கார்ந்து பார்க்கக்கூடிய ஒரு ஸீட் அதற்குள்ளும் இருக்கும். அதை முதலில் செய்யுங்கள். காட்பாடி வழியாகப் போகும்போது என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.