சுண்ணாம்பு நிலத்தில் உலோகத்தின் தடம்

சண்டிலிப்பாயில் கிணறு வெட்டுகிறவன், மேலே கிடக்கும் மண் சில அடி ஆழத்திலேயே முடிந்து தன் அலவாங்கின் நுனி 'ணங்' என்று கல்லில் மோதுகின்ற அக்கணத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் பூமி சரித்திரத்தையே தொட்டுவிடுகிறான். உடைத்து வெளியே எறிந்த அந்தக் கல்லை எடுத்துக் கழுவிப் பார்த்தால், அதன் பிளவில் சிப்பியின் வரிகளும் நத்தையின் சுருளும் பதிந்திருப்பதைக் காணலாம். மயோசீன் என்று பூமிசாஸ்திரிகள் வழங்கும் யுகத்தில், ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த அந்த நெடுங்காலத்தில், ஆழமற்ற சமுத்திரத்தின் அடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புக் கல் அது. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடிய பிள்ளையார் எழுந்தருளியுள்ள கல்வளை, பெயரிலேயே கல்லைத் தாங்கி நிற்பது இவ்வூரில்தான்.

இந்தக் கல் மக்களுக்கு எத்தனையோ உபகாரம் செய்திருக்கிறது. மாரி மழையை உறிஞ்சித் தன் குகைகளிலும் வெடிப்புகளிலும் சேமித்து வைத்துக் கோடையில் கிணற்றுக்கு நீராக அளிப்பது இதுவே; காளவாயில் இட்டு 900 பாகை வெப்பத்திற்கு நீற்றினால், தன் எடையில் நூற்றுக்கு 44 பங்கைக் கரியமிலவாயுவாகக் காற்றில் விட்டுவிட்டு, வீடு கட்டவும் வெள்ளையடிக்கவும் நீறாகிக் கிடைப்பதும் இதுவே; 1950-இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அகழ்ந்தெடுத்ததும் இதையே. ஆனால் இரும்பையோ செம்பையோ வெள்ளியையோ இக்கல் தருவதில்லை. நம் தோட்டத்துச் செம்மண்ணின் சிவப்பு இரும்பின் துருவினால் ஆனதே எனினும், உலையில் இட்டு உருக்கும் தாது என்று சொல்லும் அளவுக்கு அதில் இரும்பு இல்லை. அப்படியாயின், கல்லை உடைத்த முதல் அலவாங்கின் இரும்பு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் சண்டிலிப்பாயிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மட்டும் உயிர்பெற்று ஓடும் வழுக்கையாற்றின் கரையில், கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது கந்தரோடை. தெற்கே, கடனீரேரியை அண்டியிருக்கிறது ஆனைக்கோட்டை. குடாநாட்டின் பூர்வீகக் குடியேற்றங்களுள் இவ்விரண்டுக்கும் ஒப்பாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

கந்தரோடையில் பனைகளுக்கிடையே கவிழ்த்து வைத்த கலங்களைப் போல நிற்கும் சிறு தூபிகளை அறியாதார் இல்லை. ஆள் உயரத்தைத் தாண்டாதவை பல. உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லினாலும் முருகைக் கல்லினாலும் ஆன அவை, அந்நிலத்தின் கல்லே எழுந்து உருக்கொண்டாற்போலத் தோன்றும். இலங்கைச் சிவில் சேவை அதிகாரியும் சரித்திராசிரியருமான போல் ஈ. பீரிஸ் 1917-ஆம் ஆண்டை ஒட்டி இவ்விடத்தை ஆராய்ந்தபோது, தூபிகளோடு வேறு சில சிறு பொருள்களும் அவர் கண்ணிற் பட்டன. முத்திரை குத்திய பழைய வெள்ளி நாணயங்களும், உரோமாபுரியின் காசுகளும், மெல்லிய செப்புக் கோல்களும் அங்கே கிடைத்தன. பழைய எகிப்தியர் கண்ணுக்கு மை தீட்டப் பயன்படுத்திய கோல்களை அவை ஒத்திருந்தன என்பதை அவர் வியப்போடு பதிவு செய்தார். பின்னர் 1970-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் அகழ்ந்தபோது வெளிப்பட்ட கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள், இத்தலம் தென்னிந்தியாவின் பெருங்கற்காலப் பண்பாட்டோடு கொண்டிருந்த உறவை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டின.

கண்ணுக்கு மை இடும் ஒரு செப்புக்கோலை உள்ளங்கையில் வைத்து நினைத்துப் பாருங்கள். செம்பு 1,085 பாகையில் உருகும் உலோகம். பச்சைநிறத் தாதைக் கண்டுபிடிக்க ஒருவன், வெட்டி எடுக்க ஒருவன், கரி சுட ஒருவன், துருத்தி ஊத ஒருவன், உருக்கிய கட்டியைத் தோணியில் ஏற்ற ஒருவன், நீட்டி மெருகிட ஒருவன் என்று எத்தனை பேருடைய உழைப்பு ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர்ந்து, கடைசியில் பெயர் அறியாத ஒரு பெண்ணின் கண்ணிமையில் வந்து முடிந்திருக்கிறது! தூபி ஊரின் கல்லைச் சொல்கிறது. கோல் ஊருக்கு அப்பால் இருந்த உலகத்தைச் சொல்கிறது.

ஆனைக்கோட்டையின் சாட்சியம் இன்னும் நெருக்கமானது. 1980-இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அங்கே அகழ்ந்தபோது, பெருங்கற்கால ஈமப் புதையலில் மனித எலும்புக்கூடும், கறுப்பு-சிவப்பு மட்கலங்களும், சங்கும், இரும்புப் பொருள்களும், பிராமி எழுத்தோடு குறியீடுகளும் பொறித்த சிறு முத்திரை ஒன்றும் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டளவினது என மதிக்கப்படும் அம்முத்திரையில் அரசனைக் குறிக்கும் 'கோ' என்னும் தமிழ்ச் சொல்லை அறிஞர் பலர் கண்டனர். ஆகவே உலகத்தின் கவனம் முழுவதும் முத்திரைக்கே சென்றது இயல்பே. ஆயினும் அதனருகே துருவேறிக் கிடந்த இரும்பும் ஒரு சாசனமே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்தச் சாசனத்தை வாசிக்கும் வித்தையே உலோக சரித்திர ஆராய்ச்சி. பழைய உலையில் இரும்பு நீராய் உருகுவதில்லை. அது உருகுவதற்கு 1,538 பாகை வேண்டும். ஏறத்தாழ 1,200 பாகையில் தாதிலுள்ள அழுக்கு உருகி வழிய, இரும்போ கடற்பஞ்சு போன்ற ஒரு பிண்டமாய் அடியில் தங்கும்; கொல்லன் அதைக் காய்ச்சிக் காய்ச்சி அடித்து இறுக்குவான். அப்படி வழிந்து உறைந்த கறுத்த கண்ணாடி போன்ற கிட்டத்தில், மூலத் தாதின் தன்மையும், எரித்த கரியின் சுவடும், உலையின் வெப்பமும் அடங்கியிருக்கின்றன. அடித்த இரும்புக்குள்ளும் அதன் துணுக்குகள் சிக்கிக்கொள்வதால், துருவின் நடுவே மிஞ்சிய ஒரு கடுகளவு உலோகம்கூட ஆராய்ச்சிச் சாலையில் தன் பிறப்பிடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும்.

அந்தப் பிறப்பிடம் எங்கெல்லாம் இருக்கக்கூடும்? கடலுக்கு அப்பால் கொங்கு நாட்டுக் கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்த உலைகளை அகழ்வாராய்ச்சி காட்டியிருக்கிறது. பொருநைக் கரையின் ஆதிச்சநல்லூரில் 1899-க்கும் 1905-க்கும் இடையில் அலெக்சாண்டர் ரீ எடுத்த இரும்புக் கருவிகளும் வெண்கலக் கலங்களும் அக்காலத் தமிழர் உலோகத் தேர்ச்சிக்குப் பிரத்தியட்சச் சான்று. இத்தீவிலேயும் தாது இல்லாமலில்லை. திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலையில் செம்பும் காந்தக்கல் இரும்பும் கலந்த படிவம் 1971-இல் கண்டறியப்பட்டது. பலாங்கொடைக்கு அண்மையில், சமனலவாவிப் பிரதேசத்து மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக் காற்றையே துருத்தியாகக் கொண்டு கி.பி. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை எரிந்த உலைகளைக் கில் ஜூலெவ் என்னும் ஆங்கிலப் பெண்மணி ஆராய்ந்து, அத்தகைய உலையொன்றைத் தாமே கட்டி எரித்துப் பரிசோதித்து, 1996-இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார்.

அதே பலாங்கொடைப் பக்கத்தில், அவருக்குப் பல்லாண்டுகள் முன்னரே, மறைந்துகொண்டிருந்த இரும்புருக்குத் தொழிலை நேரிற் கண்டு எழுதி வைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாணத்து வேர் கொண்ட சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராகிய அவரைக் கலாயோகி என்று போற்றுகிறோம். அவர் முதலில் பூமிசாஸ்திரி என்பதையும், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதல் இயக்குநராய் இருந்தவர் என்பதையும், தோரியனைட் என்னும் கனியத்தைக் கண்டறிந்தவர் என்பதையும் நினைப்பவர் சிலரே. தாதைத் தேடி மலைமலையாய் நடந்தவருக்கு, அத்தாதை உருக்கிய எளிய மனிதரின் கைத்திறன் கண்ணிற் பட்டது. கல்லின் ஆராய்ச்சி கலையின் ஆராய்ச்சியாக விரிந்தது. 1908-இல் வெளியான அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் அந்நடையின் பலன்களுள் ஒன்று.

அவருடைய வழியே நமக்கும் வழி. கட்டிய கல் இடிந்தாலும் கல்லாகவே கிடக்கும். இரும்போ மண்ணின் ஈரத்தையும் கடற்காற்றின் உப்பையும் உண்டு, நாளுக்கு நாள் தன்னைத் தானே அழித்துக்கொண்டிருக்கும். கந்தரோடைத் தூபிகளுக்கு வேலி இட்டிருக்கிறோம். ஆனைக்கோட்டை மண்ணில் கரையும் துருவுக்கு வேலி இல்லை. ஊரில் கிடைத்த ஒவ்வொரு உலோகத் துணுக்கும் ஆராய்ச்சிச் சாலைக்குச் சென்று, கொடுமணலின் கிட்டத்தோடும் சேருவிலையின் தாதோடும் ஒப்பிடப்பட வேண்டும். அன்று வந்த தோணிகள் எக்கரையிலிருந்து வந்தன என்பதை வாதங்களால் முடிவு செய்ய முயல்வதைக் காட்டிலும், உலோகத்தின் வாயாலேயே கேட்டறிவது நேரிய மார்க்கம்.

ஆகவே, சண்டிலிப்பாயிலோ கந்தரோடையிலோ ஆனைக்கோட்டையிலோ கிணறு வெட்டும்போதும் அத்திவாரம் தோண்டும்போதும், கறுப்பும் சிவப்புமான ஓட்டுத் துண்டுகளுக்கிடையே துருப்பிடித்த கட்டியொன்றோ, கறுத்துக் கனத்த கிட்டமொன்றோ அகப்பட்டால், அன்பரே, அதைக் குப்பை என்று வீசிவிடாதீர்கள். கழுவவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். கிடந்த ஆழத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ தொல்பொருட் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். உங்கள் அலவாங்கு எந்த இரும்பின் வழிவந்தது என்பதை அது ஒருநாள் சொல்லும்.