அமத்தாட்டி விட மாட்டாங்கள்

முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு வந்திருந்த மாமிக்கு எங்கள் ஊர்ச் சங்கத்தின் இணையத்தளத்தைக் காட்டினேன். அதைச் செய்து கொடுத்தவன் நான்தான். பழைய கலியாணப் படங்கள், மௌத்துச் செய்திகள், புத்தளத்திலும் லண்டனிலும் பாரிஸிலும் சிதறியிருப்போரின் சேதிகள் எல்லாம் அதில் உண்டு. கைத்தொலைபேசியில் பக்கம் திறந்ததும் கீழே ஓர் அறிவித்தல் எழுந்தது. மாமி வாசிக்கவில்லை. பெரிய பச்சைப் பொத்தானை உடனே அழுத்திவிட்டார்.

“என்ன எழுதியிருந்தது மாமி?”

“ஆருக்குத் தெரியும்? அமத்தாட்டி உள்ளுக்கு விட மாட்டாங்கள்தானே மகன்.”

1990இல் விட்டு வந்த ஊரைப் பார்க்க, 2002 சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறிப் போனவர் மாமி. கேட்டதைக் காட்டு, திருப்பிக் கேள்வி கேட்காதே என்பதே அந்தப் பாதை கற்றுக் கொடுத்த பாடம். அதே பாடத்தை எங்கள் ஊர்ப் பக்கமும் அவருக்குப் படிப்பித்திருக்கிறது. அது என்னை உறுத்தியது.

குக்கி என்பதை 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கினார். கடைக்காரர் நம் கையில் தரும் துண்டு போன்றது அது. மறுமுறை போகும்போது துண்டைப் பார்த்து நம்மை அடையாளம் காண்பார். அதில் குற்றமில்லை. ஆனால் அதே கடைக்குள் வேறொருவர் நின்று, தன் துண்டையும் நம் சட்டைப்பையில் போட்டு, நாம் நுழையும் கடைதோறும் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டால்?

அன்றிரவு என் தளத்தைச் சோதித்தேன். வருகையாளரை எண்ணும் நிரல், வீடியோப் பெட்டி, பகிர்வுப் பொத்தான். மூன்றும் இலவசமென்று நான் ஒட்டியவை. மாமி பொத்தானை அழுத்துமுன்னரே மூன்றும் வேலையைத் தொடங்கியிருந்தன. மறுப்பதற்கான வழியோ மூன்று படி உள்ளே, ஆங்கிலத்தில் கிடந்தது.

சட்டத்துக்கு வேண்டுமென்று லண்டனிலுள்ள மைத்துனர் சொன்னதால் வைத்த அறிவித்தல் அது. சட்டம் சொன்னதை நான் வாசிக்கவில்லை. முன்கூட்டியே சரியிட்டு வைத்த பெட்டி சம்மதமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஏற்பதைப் போல மறுப்பது இலகுவாக இல்லையென்று பிரான்சின் கண்காணிப்பு அமைப்பு 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததாக அறிவித்தது. அதே 2022இல் எங்கள் நாடும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. கொடுத்த சம்மதத்தை மீளப் பெறலாம் என்கிறது அதுவும்.

எண்ணும் நிரலையும் பகிர்வுப் பொத்தானையும் கழற்றிவிட்டேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டால் இப்போது என்னிடம் பதிலில்லை. அவருக்கு அதில் மனவருத்தம்தான். வீடியோ மட்டும் மிஞ்சியது. அதன் முன்னால் தமிழில் எழுதினேன்: ‘இதைத் திறந்தால் வீடியோ நிறுவனம் உங்கள் வருகையைக் குறித்துக்கொள்ளலாம். பார்க்கவா, வேண்டாமா?’ இரண்டு பொத்தானும் ஒரே அளவு, ஒரே நிறம். விடை கிடைக்கும்வரை எதுவும் இயங்காது.

அடுத்த முறை வந்தபோது மாமி அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். சற்று யோசித்து ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார். கலியாணப் படங்கள் அப்படியே திறந்தபடி இருந்தன. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“வேண்டாமெண்டும் விடுறாங்களே மகன்!”