கள்ளிக் கொம்பை இடுப்பில் ஏந்தியவள்

சித்தன்னவாசல் குன்றின் பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு வெளியே, உரியவரிடம் சொல்லிவிட்டுப் பிடித்த ஒரு செம்மண் பொட்டலில் அன்று படப்பிடிப்பு. எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒருவரே. புதுக்கோட்டையில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் இளம்பெண் அவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நம் இருண்ட கதைகளில் வரும் பெண்களாகத் தானே வேடம் கட்டித் தன்னைப் படமெடுக்கிறார். அன்றைக்கு அவர் பழையனூர் நீலி.

திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர் பழையனூர். கணவன் கையால் செத்த பெண் பேயாகி, மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைத் துரத்துகிறாள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன்" என்று ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். அவன் உயிருக்குப் பிணை நின்ற எழுபது வேளாளர்களும், அவன் செத்துக் கிடப்பதைக் கண்டு தீப்பாய்கிறார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் வணிகனுக்காகப் பதறுவார்கள், வேளாளர்களுக்காக உருகுவார்கள். முதலில் செத்தவள் அவள் என்பதை ஒரே மூச்சில் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த இடத்தில் கதையை நிறுத்திவைக்கத்தான் இந்தப் படம்.

முகம் எழுத வந்திருந்த பெரியவர், வள்ளி திருமண நாடகங்களுக்கு அரிதாரம் பூசியே தலை நரைத்தவர். வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்து, முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்தபடி கேட்டார்: "பேய்னா மொகம் முழுக்கக் கறுப்படிச்சுப் பல்லு வச்சுருவோம் ஆத்தா. ஒனக்கும் அப்படித்தானா?"

"பல்லு வேணாம் பெரியப்பா. அழுது முடிச்ச மொகமா இருக்கணும்."

பெரியவர் கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெள்ளையை வழித்து மெல்லிசாக்கினார். கண்ணுக்குக் கீழே காவியும் விளக்குக்கரியும் கலந்து சுண்டுவிரலால் இழுத்தார். உதட்டின் ஈரத்தைச் சாம்பலால் ஒற்றி எடுத்தார். நாடகத்தில் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று அழுத்தி எழுதிப் பழகிய கை, பக்கத்திலிருந்து பார்க்கும் கேமராவுக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. டோப்பாவை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. முடியை விரித்து, புழுதியைத் தூவி, காதோரம் ஊசி குத்தி நிறுத்தினார்.

கள்ளியில்தான் ஆபத்து. ஒடித்த இடத்தில் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. அதனால் அந்தப் பெண் அதை முன்கூட்டியே வெட்டிக் காயவிட்டு, வெட்டுவாயில் களிமண் அப்பி, பழைய வேட்டித் துணியில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். கள்ளிப்பால் கொடுத்துப் பெண்சிசுக்களைக் கொன்ற நினைவு நம் ஊர்களுக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கள்ளியையே பிள்ளையாக ஏந்தி நிற்பது வெறும் வேடமாக எனக்குத் தெரியவில்லை.

கேமராவுக்குப் பின்னால் யாரும் கிடையாது. உதவிக்கு வந்த தம்பியை நீலி நிற்கும் இடத்தில் நிறுத்தி, அவன் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து, லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, அவன் கால் இருந்த இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்தார். அதன்பின் கல்லுக்கு முன்னும் பின்னும் நகரக் கூடாது. ரிமோட் குழந்தைத் துணிக்குள் ஒளிந்திருந்தது. அழுத்தியபின் இரண்டு நொடித் தாமதம். கட்டைவிரல் தன் வேலையை முடித்து அடங்கவும், முகம் கதைக்குள் திரும்பவும் அந்த இரண்டு நொடிதான் அவகாசம்.

பொழுது சாய்ந்தபின் வானில் நீலம் நிற்கும் சிறிது நேரத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். சிதை வெளிச்சத்துக்காக ஒரு மண்பானைக்குள் எல்ஈடி விளக்கை வைத்து, வாயை ஆரஞ்சு ஜெலட்டின் தாளால் மூடியிருந்தார்கள். இன்னொரு பக்கம் தெர்மாகோல் அட்டை. தம்பி சாம்பிராணி போட்டான். ஷட்டர் ஒரு நொடி திறந்திருக்கும். புகை இழுபட வேண்டும், உடம்பு அசையக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் ஓடிவந்து திரையைப் பார்ப்பார், இடுப்பின் சாய்வையும் தோளின் கனத்தையும் சரிசெய்வார், மறுபடி கல்லுக்குத் திரும்புவார். நடிப்பவருக்கு இயக்குநர் உண்டு, படமெடுப்பவருக்கு எதிரே ஆள் உண்டு. இரண்டும் இல்லாத இந்த வேலையில், உள்ளே நின்றபடியே வெளியிலிருந்தும் தன்னைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கலைக்குப் புகைப்படத்தின் வயதே ஆகிறது. 1840இல் பிரான்சின் இப்போலித் பயார், நீரில் மூழ்கிச் செத்தவராகத் தன்னையே காட்டிப் படமெடுத்தார். தன் கண்டுபிடிப்புக்கு அங்கீகாரம் கிடைக்காத மனக்குமுறல் அது. அமெரிக்காவின் சிண்டி ஷெர்மன், 1985இல் தேவதைக் கதைகளின் கோரப் பக்கத்தைத் தன் உடம்பில் ஏற்றினார். பெங்களூருவின் புஷ்பமாலா என்., 2000 முதல் 2004 வரை கிளேர் ஆர்னியோடு சேர்ந்து உருவாக்கிய 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா' தொடரில் ரவிவர்மாவின் ஓவியப் பெண்ணாகவும், அளவுக் கட்டங்கள் போட்ட திரைமுன் நிறுத்தப்பட்ட தோடர் பெண்ணாகவும் நின்றார். பிற்பாடு சூர்ப்பனகையாகவும் கைகேயியாகவும் நின்றார்.

அன்று நண்பகலில் நாங்கள் சித்தன்னவாசலின் சமணக் குடைவரையான அறிவர் கோவிலுக்குள் போயிருந்தோம். கேமரா பையிலேயே இருந்தது. விதானத்தில் தாமரைக்குளம், மீன், யானை, எருமை, பூப்பறிப்பவர்கள். தூண்களில் ஆடும் பெண்கள். 9ஆம் நூற்றாண்டில், ஸ்ரீவல்லபப் பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோவிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஆடிய பெண்களின் பெயர் எங்கும் இல்லை. வேறொருவர் கண்ணும் கையும் வழியாகத்தான் அவர்கள் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சமணர்களின் இந்த இடத்தை நீலிக்கு அவர் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியை எழுதியதும் சமணரே. உயிர்ப்பலியை விலக்கி மண்ணுருவத்தைப் படைக்கச் சொன்ன முனிசந்திரர் என்ற துறவியை விரட்ட, காளி அந்தப் பழையனூர்ப் பேயை ஏவுகிறாள். அவர் அசையவில்லை. பேய் அவரிடமே பாடம் கேட்டு, பௌத்தர், ஆசீவகர், சாங்கியர் என ஒவ்வொருவரோடும் வாதிடக் கிளம்புகிறது. ஊர் நடுங்கிய உருவத்துக்கு அந்தக் காப்பியம் வாயும் தர்க்கமும் கொடுத்தது. பயந்தவர்கள் சொல்லிவந்த கதையை, பயமுறுத்தியதாகப் பழி சுமந்தவளிடம் ஒப்படைத்தது. ரிமோட்டைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளும் இந்தப் பெண் செய்வதும் அதைத்தான்.

ஆனால் அவர் படங்கள் இப்போது கைபேசித் திரையோடு நின்றுவிடுகின்றன. சென்னைக்கு 2016 முதல் போட்டோ பியனாலே என்னும் புகைப்படத் திருவிழா இருக்கிறது. கொச்சிக்கும் பியனாலே இருக்கிறது. புதுக்கோட்டைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளையின் நீலியைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு சுவரை இத்தகைய கலைஞர்களுக்கு ஒதுக்க வேண்டும். படத்தின் கீழே, எடுத்தவர் பெயரோடு முகம் எழுதிய பெரியவரின் பெயரும் இருக்க வேண்டும்.